வாசலில் நின்ற ஆறு பேர்

முதல்ல ஒரு சின்ன கொசுவர்த்தி சுத்திக்கறேன். பொறுத்தருள்க.

எனக்கு ஊர் சின்னக்கானல். மூணாறுக்குப் பக்கம்னு சொன்னா நம்ம மக்கள் "ஹனிமூன் போனோமே"ம்பாங்க. இப்பல்லாம் "அரிக்கொம்பன் ஊரா?"ன்னு கேக்கறாங்க. ரேஷன் கடைச் சுவத்தை இடிச்சு அரிசி தின்ன ஆனை. 2023 ஏப்ரல் 29 அன்னிக்கு மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு லாரியில ஏத்தினாங்க. நான் பிறந்தது அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்துல. மஸ்டர், கொழுந்து, மழை, இதைத் தாண்டி உலகம்னு ஒண்ணு இருந்தா அது போடிமெட்டு இறங்கினா வர்ற போடிநாயக்கனூர்தான். சந்தைக்குப் போயிட்டு வர்ற அப்பா எப்பவாவது ஒரு முத்து காமிக்ஸ் வாங்கிட்டு வருவார். இரும்புக்கை மாயாவி! உடம்புல மின்சாரம் பாஞ்சா ஆள் மறைஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியும். அடிக்கடி கரண்ட் போற லயத்துல உக்காந்து நான் படிச்ச முதல் விஞ்ஞானக் கதை அதுதான்.

அப்புறம் பி.காம்., வங்கி வேலை, கடல் தாண்டி எடின்பரோ. பொட்டி தட்டற கூட்டத்துக்கு நடுவுல பேரேடு புரட்டற ஆசாமி நான். கொசுவர்த்தி முடிஞ்சது. விஷயத்துக்கு வர்றேன்.

2024 ஆகஸ்ட்ல கிளாஸ்கோவுல உலக விஞ்ஞானக் கதை மாநாடு. சுருக்கமா வேர்ல்ட்கான். எட்டாம் தேதியிலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும். மக போகணும்னு ஒத்தக் கால்ல நின்னா. தங்கமணி "நீங்களே கூட்டிட்டுப் போங்க, எனக்கு அந்த வேத்துக்கிரகவாசிங்க எல்லாம் ஒத்துக்காது"ன்னு கழண்டுக்கிட்டாங்க. சரி, டிக்கெட் எடுப்போம்னு பார்த்தா, டிக்கெட்டுங்கற வார்த்தையே கண்ணுல படலை. "உறுப்பினர் ஆகுங்கள்"னு இருந்துச்சு. இதென்னடா, சினிமா பாக்கப் போனவனை தியேட்டர்ல பங்குதாரர் ஆகச் சொல்றாங்களேன்னு நினைச்சேன். காசு விஷயத்துல காரணம் தெரியாம கையெழுத்துப் போடறதில்லைங்கற தொழில் புத்தி உள்ளதால, இவங்க வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதைத்தான் இங்கே கொட்டறேன்.

யார் முதல்ல மாநாடு நடத்தினதுங்கறதுல ஆரம்பத்துலயே தகராறு. 1936 அக்டோபர்ல நியூயார்க் பையங்க கொஞ்சப் பேர் ரயிலேறி ஃபிலடெல்ஃபியா போய் அந்த ஊர் ரசிகர்களைப் பார்த்தாங்க. பார்த்த கையோட "இது மாநாடு"ன்னு அறிவிச்சுட்டாங்க. இங்கிலாந்துக்காரங்க இதை ஒப்புக்கறதில்லை. முறையா முன்கூட்டி அறிவிச்சு நடந்தது எங்களோடதுதான்னு சொல்றாங்க. அது 1937 ஜனவரி 3, லீட்ஸ் நகரத்து தியாசபிகல் ஹால்ல. ஆமாங்க, நம்ம அடையாறுல தலைமையகம் இருக்கே, அதே தியாசபிகல் சொசைட்டிதான். வந்தவங்க சுமார் இருபது பேர். நம்ம ஊர்ல ஒரு பெண் பார்க்கற படலத்துக்கே இதைவிடக் கூட்டம் வரும் :-)

அந்த இருபதுல ஒருத்தர் லண்டன்லேர்ந்து வந்த பத்தொன்பது வயசுப் பையன். அரசாங்க ஆபீஸ்ல ஓய்வூதியக் கணக்கைத் தணிக்கை செய்யற குமாஸ்தா. பேர் ஆர்தர் சி. கிளார்க். நம்ம ஜாதி! கணக்கு ஜாதி! பின்னாடி 1956ல இலங்கைக்குக் குடிபெயர்ந்து கொழும்புல வாழ்ந்தார். அதே 1956ல நியூயார்க் மாநாட்டுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். 2008 மார்ச் 19ல கொழும்புலயே காலமானார். அதுக்குச் சரியா மூணு வாரம் முன்னாடி, பிப்ரவரி 27ல, நம்ம சுஜாதா போயிட்டார். ரெண்டு பேரையும் படிச்சு வளர்ந்த என்னை மாதிரி ஆளுங்களுக்கு அது சோகமான மார்ச்.

இப்ப தலைப்புக்கு வர்றேன். 1939ல நியூயார்க்ல பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. ஊருக்கு எப்படியும் கூட்டம் வருதேன்னு, அதையொட்டி ஜூலை 2லேர்ந்து 4 வரைக்கும் கேரவன் ஹால்ல முதல் வேர்ல்ட்கானை வெச்சாங்க. பேர்ல இருக்கற "வேர்ல்ட்" அந்தக் கண்காட்சியிலேர்ந்து வந்ததுதான். வந்தவங்க சுமார் 200 பேர். சிறப்பு விருந்தினர் ஓவியர் ஃபிராங்க் ஆர். பால். லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து ஃபாரஸ்ட் அக்கர்மனும் மர்ட்டில் டக்ளசும் எதிர்கால மனுஷங்க மாதிரி உடை போட்டுக்கிட்டு வந்தாங்க. தைச்சது மர்ட்டில். இன்னிக்குப் பசங்க வேஷம் கட்டிக்கிட்டு மாநாட்டுக்குப் போறதுக்கு ஆரம்பம் அந்தப் பொம்பளையோட தையல் மெஷின். அதே ஊர்லேர்ந்து பதினெட்டு வயசுப் பையன் ஒருத்தன் அக்கர்மன்கிட்ட கடன் வாங்கிக்கிட்டு பஸ்ஸுலயே நாட்டைக் குறுக்கால கடந்து வந்து சேர்ந்தான். ரே பிராட்பரி. சம்பளச் சீட்டு இல்லை, ஜாமீன் இல்லை. எங்க வங்கியில அந்த மனுவை நானே திருப்பி அனுப்பியிருப்பேன்!

இந்த மாநாட்டை நடத்தினவங்க மூணு பேர்: சாம் மாஸ்கோவிட்ஸ், வில்லியம் சிகோரா, ஜேம்ஸ் டாராசி. மாஸ்கோவிட்சுக்கு அப்பத்தான் பத்தொன்பது முடிஞ்சிருந்தது. நியூயார்க்லயே இவங்களுக்கு எதிர்கோஷ்டி ஒண்ணு இருந்தது, ஃப்யூச்சரியன்ஸ்னு. இடதுசாரி பேச்சு, வாய்த்துடுக்கு, துண்டுப் பிரசுரம். முதல் நாள் வாசல்லயே தகராறு. "இவங்க உள்ளே வந்தா கூட்டத்தைக் கலைப்பாங்க"ன்னு அமைப்பாளர்களுக்குப் பயம். மாநாட்டுக்காரங்களை சர்வாதிகாரிகள்னு திட்டின ஒரு பிரசுரம் கையில சிக்கவும், பயம் உறுதியாயிடுச்சு. டொனால்ட் வோல்ஹைம், ஃப்ரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத், ராபர்ட் லவுண்டஸ், ஜான் மிஷல், ஜாக் கில்லெஸ்பி ஆகிய ஆறு பேரையும் வாசலோட நிறுத்திட்டாங்க. வேடிக்கை என்னன்னா, பிரசுரத்தை எழுதினது இந்த ஆறு பேர் இல்லை. டேவிட் கைல்னு ஒருத்தர். அவர் ஜம்முனு உள்ளே உக்காந்திருந்தார். அதே கோஷ்டியில சுத்திக்கிட்டிருந்த ஐசக் அசிமோவும் உள்ளே போயிட்டார்.

வெளியே நின்னவங்கள்ல சிரில் கார்ன்ப்ளூத் பிறந்தது 1923 ஜூலை 2. அதாவது அன்னிக்குத்தான் அவனுக்குப் பதினாறு வயசு. பொறந்த நாளும் அதுவுமா, உயிரா நேசிச்ச ஒரு விஷயத்தோட முதல் திருவிழாவுக்கு வந்து, வாசல்ல நின்னுட்டுத் திரும்பியிருக்கான் அந்தப் பையன்.

இதைப் படிச்சப்ப எனக்கு அடுத்த பக்கம் புரட்ட முடியலை. ஏன்னு கடைசியில சொல்றேன்.

அந்த ஆறு பேர் என்ன ஆனாங்க? வோல்ஹைம் பெரிய பதிப்பாளர் ஆகி, 1988ல நியூ ஆர்லியன்ஸ் வேர்ல்ட்கான்ல சிறப்பு விருந்தினர் நாற்காலியில உக்காந்தார். வாசல்லேர்ந்து மேடைக்குப் போக 49 வருஷம். போலுக்கு அந்த மரியாதை 1972லயே கிடைச்சது. கார்ன்ப்ளூத் 1958ல முப்பத்துநாலு வயசுலயே செத்துப்போனார். அவர் விட்டுட்டுப் போன குறிப்பை வெச்சு நண்பர் போல் முடிச்ச ஒரு சிறுகதைக்கு, ரெண்டு பேர் பேர்லயும், 1973ல இதே மாநாடு வழங்கற ஹ்யூகோ விருது கிடைச்சது. வாங்க ஆள் இல்லாத காலத்துல கதவு திறந்தது.

சண்டையில பிறந்த கூட்டம் எப்படி இத்தனை வருஷம் நிலைச்சது? இங்கேதான் என் மாதிரி ஆளுக்கு ருசி. மாநாட்டுக்கு நிரந்தர முதலாளி கிடையாது. வருஷா வருஷம் வேற ஊர், வேற குழு. உலகப்போரால 1942லேர்ந்து 45 வரைக்கும்தான் நடக்கலை. 1957ல லண்டன் போனப்ப முதல் தடவையா வட அமெரிக்காவைத் தாண்டினது. எந்த ஊர்னு ரெண்டு வருஷம் முன்னாடியே உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்க. கிளாஸ்கோவை 2022ல சிகாகோவுல தேர்ந்தெடுத்தாங்க. நடத்தறவங்க சம்பளம் வாங்கறதில்லை. விதியை மாத்தணும்னா மாநாட்டுக்கு வந்த எந்த உறுப்பினரும் எழுந்து தீர்மானம் கொண்டுவரலாம். ஆனா ஒரு வருஷம் நிறைவேறினா போதாது, அடுத்த வருஷக் கூட்டமும் ஒப்புக்கணும். ஒரு கோபத்துல, ஒரே நாள் ராத்திரியில யாரும் எதையும் மாத்திட முடியாது. 1953ல ஆரம்பிச்ச ஹ்யூகோ விருதும் உறுப்பினர் ஓட்டுதான். நேர்ல வராதவங்களும் குறைஞ்ச சந்தா கட்டி ஓட்டுப் போடலாம்.

யோசிச்சுப் பார்த்தா இது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. எங்க எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு யாராவது டிக்கெட் வாங்கினோமா? வீட்டுக்கு வீடு வரி. வரி கொடுத்தவன் கூழ் ஊத்தற இடத்துல "உப்பு பத்தலை"ன்னு அதிகாரமா சொல்லலாம். டிக்கெட் வாங்கினவன் வேடிக்கை பாக்கறவன். வரி கட்டினவனுக்குத் திருவிழா சொந்தம்.

விதி இருந்தாலும் ஓட்டை விழும். 2023ல சீனாவுல செங்டு நகரத்துல நடந்த மாநாட்டுல, சிலரோட பேரும் படைப்பும் விருதுப் போட்டிக்குத் தகுதி இல்லைன்னு ஓரங்கட்டப்பட்டது. காரணம் சொல்லலை. புள்ளிவிவரம் 2024 ஜனவரியில வெளியானதும் ஒரே ரகளை. அடுத்து கிளாஸ்கோ முறை. அங்கே வந்து விழுந்த ஓட்டு 3,813. அதுல 377 போலின்னு தள்ளுபடி. ஒரே பேர்ல முதல் எழுத்தை மட்டும் மாத்தி மாத்தி ஒரு வரிசை, எண்களையே பேரா மொழிபெயர்த்து இன்னொரு வரிசை. யாரோ மொத்தமா சந்தா கட்டியிருக்காங்க. பினாமிக் கணக்கு பார்த்துப் பழகின எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனா கிளாஸ்கோ குழு அதைத் தாங்களாவே, மாநாட்டுக்கு முன்னாடியே வெளியில சொன்னாங்க. யாருக்குச் சாதகமா அந்த ஓட்டு விழுந்ததோ, அவருக்கு இது தெரியும்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னு பேரை மட்டும் மறைச்சாங்க. தணிக்கைன்னா இப்படி இருக்கணும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு"ன்னு சொல்லக் கூடாது. 1966 ஜனவரி 26ல கல்கத்தாவுல விஞ்ஞானக் கதைப் படங்களுக்குன்னே ஒரு ரசிகர் சங்கம் ஆரம்பிச்சாங்க. தலைவர் சத்யஜித் ராய், செயலாளர் எழுத்தாளர் அத்ரீஷ் பர்தன். விஞ்ஞானக் கதை ஆய்வுக்கான இந்திய அமைப்பு 1998ல பிறந்தது நம்ம வேலூர்ல. ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கற ஆகஸ்ட்ல லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்கள் ஊர் ஊரா ரயிலேறி வந்து ஆசிரியர் விஜயனைச் சுத்தி உக்காந்து, எந்தக் கதையை மறுபதிப்பு போடணும்னு சண்டை பிடிக்கறாங்க. லீட்ஸ்ல இருபது பேர் செய்ததும் இதுதான். சென்னைக்கு 2024 பிப்ரவரியில காமிக்கான் வந்தது. அது டிக்கெட் எடுத்துப் பாக்கற கண்காட்சி, அதுவும் நல்லதே. ஆனா ஈரோட்டுக் கூட்டம்தான் என் மனசுக்குக் கிட்டத்துல இருக்கு.

கிளாஸ்கோவுல கிளைட் நதிக்கரையில மகளோட நடந்தேன். பச்சை மூஞ்சி, வெள்ளி உடை, சக்கர நாற்காலியில ஒரு தாத்தா, அவர் மடியில கைப்பிள்ளை. யாரும் யாரையும் "நீ யார்?"னு கேக்கலை. மக கழுத்துல உறுப்பினர் அட்டை. அதைத் தடவிக்கிட்டே கேட்டா: "அப்பா, நம்ம பொங்கலுக்கு மட்டும் ஏன் அவனை உள்ள விடலை?"

இங்கேதான் அந்த அடுத்த பக்கம். எங்க ஊர்த் தமிழ்ச் சங்கம் கணக்குத் தகராறுல ரெண்டாச்சு. எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். நான் ஒரு பக்கத்துக்குப் பொருளாளர். 2024 பொங்கலுக்கு, மகளோட வகுப்புப் பையன் ஒருத்தன் மாறுவேடப் போட்டிக்கு அட்டைப் பெட்டியில ஜீனோ நாய்க்குட்டி செஞ்சு எடுத்துக்கிட்டு வந்தான். சுஜாதாவோட ஜீனோ! அவங்க அப்பா எதிர்ப் பக்கம். பட்டியல்ல பேர் இல்லைன்னு வாசல்ல வெச்சுச் சொன்னது நான்தான். விதிப்படி சரி. பேரேடு நேரா இருந்துச்சு. அந்தப் பையன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மழையில கார் வரைக்கும் நடந்தது கண்ணுலயே நிக்குது.

மாஸ்கோவிட்சுக்குப் பத்தொன்பது வயசு. எனக்கு நாப்பதுக்கு மேல.

திரும்பி வர்ற ரயில்ல, எடின்பரோ வர்றதுக்குள்ள, அந்தப் பையனோட அப்பாவுக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் "பார்க்கலாம் சார்"னு மட்டும் சொன்னார். அடுத்து எங்க குழுவுல ஒரு தீர்மானம் வெச்சேன்: சங்கம் எதுவானாலும் பிள்ளைங்களுக்குப் பட்டியல் கிடையாது. ரெண்டு பேர் முறைச்சாங்க, நிறைவேறிடுச்சு. 2025 பொங்கலுக்கு அப்பா வரலை. பையன் வந்தான். ஜீனோவுக்கு இந்தத் தடவை வாலாட்ட மோட்டார் வெச்சிருந்தான்.

கிளாஸ்கோ விதியை நானும் கடைப்பிடிக்கறேன். அடுத்த ஆண்டுக் கூட்டமும் ஒப்புக்கிட்டாத்தான் அந்தத் தீர்மானம் நிரந்தரம்.

டிஸ்கி: உங்க ஊர்லயும் சங்கம் ரெண்டு, மூணுன்னு இருக்கும். வாசல்ல நிக்கற பிள்ளைக்கு அன்னிக்குப் பொறந்த நாளா இருக்கலாம். அவ்ளோதான் சொல்ல வந்தேன்.