டால்டா டின்னும் ஃப்ராஸ்டிங் டப்பாவும்

சின்னவளுக்குப் பிறந்தநாள் வருகிறதே என்று போன வாரம் ஒரு ஒத்திகை கேக் போட்டோம். நியூஜெர்சியில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் கேக் எப்படி உருவாகும் என்று உங்களுக்கே தெரியும். அட்டைப் பெட்டி மாவு ஒன்று, ஃப்ராஸ்டிங் டப்பா ஒன்று. கேக் என்னவோ நன்றாகத்தான் வந்தது. மேலே பூசியதை மட்டும் சின்னவள் விரலால் வழித்துத் தட்டோரம் ஒதுக்கிவிட்டாள். "நாக்குல ஒட்டிக்குதுப்பா" என்றாள்.

செம்பூரில் இருக்கும் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். 50 வருஷம் பம்பாயில் இருந்தும் திருநெல்வேலி போகாத வாய் அது. "டால்டாவ நக்குன மாதிரி இருக்கால? கொஞ்சம் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு நல்லா அடி, சரியாப் போவும்" என்றார்.

கேக்கில் உப்பா என்று சிரித்துவிட்டு போனை வைத்தேன். அப்புறம் யோசித்தால், அம்மா ஒரே வரியில் நூறு வருஷ வரலாற்றைச் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. அதில் பாதி நம்ம பம்பாய் ஹார்பர் லைன் ஓரமாகவே நடந்திருக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டிக் கொழுப்பாக்கும் முறைக்கு ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902ல் காப்புரிமை வாங்கினார். 1911ல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து கிறிஸ்கோ வந்தது. வெண்ணெயை விட மலிவு, சீக்கிரம் கெட்டுப்போகாது. அதே மாதிரி சரக்கு ஹாலந்திலிருந்து கப்பலில் பம்பாய்க்கும் வந்து இறங்கியது. லீவர் நிறுவனம் 1931ல் இந்துஸ்தான் வனஸ்பதி கம்பெனியை ஆரம்பித்தது. மறுவருஷமே தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. எங்கே என்கிறீர்கள்? சிவ்ரியில்! செம்பூரில் வண்டி ஏறி வி.டி. போகிறவர்களுக்கு வடாலா தாண்டினால் அடுத்த ஸ்டேஷன். 1937ல் டால்டா என்ற பெயர் வந்தது. இறக்குமதி செய்துவந்த 'டாடா' என்ற பெயருக்கு நடுவே லீவரின் 'ல்' நுழைந்து டால்டா ஆனது என்று சொல்வார்கள்.

தாராவிக்கு எங்க ஊர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு நெய் என்பது ஊரிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரும் பொருள். டால்டா கடையில் கிடைக்கும் பொருள். விசேஷத்துக்கு அதுதான். மஞ்சள் டின், பச்சைப் பனைமரம். காலியான டின்னில் 90 அடி ரோட்டுப் பக்கம் துளசிச் செடி வளரும், இல்லாவிட்டால் தண்ணீர் மொள்ளப் போகும். எதுவும் வீணாகாது.

பேக்கரிக்காரர்களுக்கோ அது வரப்பிரசாதம். வெண்ணெய் 32லிருந்து 35 டிகிரிக்குள் இளகி உருகிவிடும். பம்பாய் மே மாத வெயிலில் வெண்ணெயில் பூ பிழிந்தால் வீடு போய்ச் சேருவதற்குள் பூ குளமாகிவிடும். வனஸ்பதியின் உருகுநிலை 31க்கும் 41க்கும் நடுவே இருக்கலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருந்தது. அதனால் பொடித்த சர்க்கரையும் வனஸ்பதியும் அடித்துச் செய்த ரோஜாப்பூ, கண்ணாடி அலமாரியில் சாயங்காலம் வரை வாடாமல் நிற்கும். ஆனால் கண்ணாடிக்குள் உருகாதது வாய்க்குள்ளேயும் முழுசாக உருகாது. சின்ன வயதில் அந்த ரோஸ் கலர் பூவுக்காக அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு, தின்றபின் அண்ணத்தில் ஒட்டியதை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது :-)

இப்போது உப்புக்கு வருவோம்.

சிவ்ரி ஆலை ஓடத் தொடங்கிய அதே 1932ல்தான் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் கூலர் அண்ட் கோ என்ற இரானி ஓட்டல் ஆரம்பமானது. இரானி ஓட்டல் என்றாலே பன் மஸ்கா. இனிப்பு ரொட்டி, உப்பு வெண்ணெய், சர்க்கரை தூக்கலான சாயா. அந்தக் காலத்து பம்பாய் வெண்ணெய் என்றால் போல்சன். 1930ல் ஆனந்தில் பால் பண்ணை வைத்த பார்சி நிறுவனம். பாலாடையைப் புளிக்கவிட்டு உப்புப் போட்டுக் கடைந்த வெண்ணெய். பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமையும் அந்த நிறுவனத்திடம் போனதை எதிர்த்து கேடா விவசாயிகள் 1946ல் வேலைநிறுத்தம் செய்து கூட்டுறவு சங்கம் கண்டார்கள். அதுவே பிறகு அமுல். 1950களில் அமுல் புது பாலாடையில், உப்பில்லாமல் வெண்ணெய் எடுத்தபோது பம்பாய்க்காரர்கள் "சப்பென்று இருக்கிறது" என்று ஒதுக்கிவிட்டார்களாம். கடைசியில் போல்சன் ருசிக்குப் பழகிய நாக்குக்காக உப்புச் சேர்க்க வேண்டியதாயிற்று. குரியன் தன் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார். இனிப்புக்குப் பக்கத்தில் உப்பு வெண்ணெய் இருக்க வேண்டும் என்று அம்மா எங்கே கற்றார் என்று புரிகிறதா?

மூன்றாவது ஆள் அமெரிக்கா. 1945ல் பஃபலோ நகரத்துப் பால்காரர் ராபர்ட் ரிச், சோயாவிலிருந்து பால் கலக்காத கிரீம் ஒன்றைச் செய்தார். விற்பனையாளர்களுக்குக் காட்ட ரயிலில் கொண்டுபோனபோது, கூட வைத்த உலர்பனியால் அது கல்லாக உறைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அப்படியே இளக்கி அடித்துப் பார்த்தால் பாங்காக நுரைத்து எழும்பியது. உறைய வைத்து ஊர் ஊராக அனுப்பலாம் என்ற யோசனை அங்கே பிறந்தது. இந்த வகைக் கிரீம் பின்னாளில் நம்மூர் பேக்கரிகளிலும் வனஸ்பதிப் பூவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1990ல் வனஸ்பதிக்குச் சோதனைக்காலம். மென்சிங்க், காட்டான் என்ற இரு ஆய்வாளர்கள், ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். ஆய்வு நடந்த நாடு? ஹாலந்து! டின்னும் அங்கிருந்து வந்தது, எச்சரிக்கையும் அங்கிருந்தே வந்தது. டால்டா பெயர் 2003ல் கை மாறியது. அமெரிக்கா 2015ல் பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயை விலக்க உத்தரவிட்டு 2018ல் அமலாக்கியது. இந்தியா எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் உச்சவரம்பை 2021ல் 3 சதவீதமாகவும் 2022ல் 2 சதவீதமாகவும் இறக்கியது.

அந்த இடத்துக்கு வந்தது பாமாயில். என் கையிலிருந்த டப்பாவைத் திருப்பிப் படித்தேன்: சர்க்கரை, பாமாயில், தண்ணீர், கார்ன் சிரப்... டிரான்ஸ் போயிற்று, நல்லது. ஆனால் பாமாயிலிலும் ஒரு பகுதி உடம்புச் சூட்டில் உருகாது. சின்னவள் நாக்கில் ஒட்டியது அதுதான்.

ஆக, டப்பாவில் இனிப்பும் உண்டு, உருவமும் உண்டு. கெடாமல், உருகாமல், மலிவாக இருப்பதற்காக விட்டுக்கொடுத்தது பால்கொழுப்பின் ருசியை. மாதக்கணக்கில் டப்பாவில் அடைந்து கிடந்ததில் காற்றும் போயிற்று. அவற்றைத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். சனிக்கிழமை நான் செய்தது இது:

ஒரு டப்பாவுக்கு (சுமார் 450 கிராம்) அறைச் சூட்டில் இளகிய வெண்ணெய் அரைக் குச்சி, அதாவது 57 கிராம். முதலில் வெண்ணெயை மட்டும் வெளுக்கும் வரை மெஷினில் அடித்தேன். பிறகு டப்பாவைக் கொட்டி இன்னும் 4 நிமிஷம். காற்று ஏறி அளவு கூடுவது கண்ணுக்கே தெரியும். ஒரு சிட்டிகை உப்பு. (உப்பு வெண்ணெய் என்றால் இது வேண்டாம்.) வெறும் வாணலியில் சிவக்க வறுத்து ஆறவைத்துச் சலித்த பால்பவுடர் 2 ஸ்பூன். இது லேசான பால்கோவா வாசனை தரும். கொஞ்சம் ஏலக்காய். எலுமிச்சைத் தோல் துருவலும் நன்றாக இருக்கும்.

தோற்றத்துக்கு: கேக் முழுசாக ஆறியிருக்க வேண்டும். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி 20 நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்தால் உதிரி எல்லாம் அடங்கிவிடும். அதன்மேல் இரண்டாவது பூச்சு. வெந்நீரில் முக்கித் துடைத்த கத்தியால் வழித்தால் வழவழவென்று வரும். கலர் போட்டால் ஒரு படி குறைத்தே போடுங்கள், நேரம் ஆக ஆக நிறம் ஏறும்.

வெண்ணெய் சேர்ந்துவிட்டதால் இனி இதை வெளியே அலங்காரமாக வைத்திருக்க முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். ருசிக்குக் கொடுக்கிற விலை அது.

சனிக்கிழமை தட்டோரம் எதுவும் ஒதுங்கவில்லை. வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உப்பு போட்டியால?"

போட்டேம்மா.

டிஸ்கி: சர்க்கரை வியாதிக்காரர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும். நானும் அப்படித்தான், கரண்டியை மட்டும் நக்கினேன்.