சுவர்கள் சொல்லாத பெயர்கள்

தனுஷ்கோடிக்குச் செல்வோர் தவறாமல் நின்று பார்ப்பது இடிந்த கோவிலைத்தான். பவளக் கற்களால் எழுப்பிய சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அவ்வூர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணியர் இரயில், நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அலைக்கு இரையாயிற்று. குடியிருக்கத் தகாத இடமென அரசு அறிவித்தது. இரயில் நிலையம், சுங்கச் சாவடி, தலைமன்னார்க் கப்பல் ஆகியவற்றையெல்லாம் வரலாறு குறித்துவைத்திருக்கிறது. அக்கோவிலில் மணம் முடித்தோர் யார், எந்தக் குழந்தையை எந்த ஞானத்தாய் ஏந்தி நின்றாள் என்பதைச் சுவர்கள் சொல்லமாட்டா.

அதைச் சொல்லவே பங்குகளில் பதிவேடு இருக்கிறது. திருமணங்களையும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோர் பெயரையும் பங்குக்குரு எழுதிவைக்க வேண்டுமென 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் பணித்தது. மறைவான திருமணங்களையும் முறைகேடான உறவில் மணப்பதையும் தடுப்பதே நோக்கம். குடும்ப வரலாற்றை அச்சங்கத் தந்தையர் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆயினும் நம் கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாட்டனின் பாட்டன் பெயர் கிடைக்கும் ஒரே இடம் அவ்வேடுதான். (எழுத்து விளங்கினால்! முந்தைய குருக்கள் சிலர் இதில் நம்மீது இரக்கம் காட்டவில்லை.)

அந்த ஏடே நீரில் போய்விட்டால்? பாபிலோனிலிருந்து திரும்பிய குருக்கள் சிலர், தலைமுறை அட்டவணையில் தம் பெயரைக் காணாமையால் குருத்துவப் பணியினின்று விலக்கப்பட்டனர் என்று எஸ்ரா நூல் 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. நம் சட்டம் அத்துணைக் கடுமையானதன்று. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 876-ஆம் எண், பிறருக்குப் பாதகம் இல்லாதவிடத்து, ஐயத்துக்கு இடமற்ற ஒரே சாட்சியின் கூற்றுத் திருமுழுக்கை மெய்ப்பிக்கப் போதும் என்கிறது. ஏட்டை இழந்த பங்கில் ஒரு மூதாட்டியின் நினைவே ஏடாகலாம். நம் இறைமக்களுள் பலர் இதை அறியார்.

ஆனால் சாட்சியும் மடியலாம். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை வந்த ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மாண்டவருள் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் மிகுதி. யார் யாருக்குத் தாய்மாமன் முறை, நவநாளில் எந்நாள் எந்த வீட்டாருடையது, பெரிய வெள்ளியன்று பாடும் புலம்பலின் மெட்டு எது என்பவற்றை அறிந்தோர் பெரும்பாலும் பெண்களே. இவை எந்த ஏட்டிலும் ஏறியதில்லை. பின்னர்க் கடலைவிட்டு விலகிப் புதுக் குடியிருப்புகள் எழுந்தபோது, பல ஊர்களில் பழைய தெருவின் வரிசையும் கலைந்தது. அடுத்த வீட்டாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் அதனோடு போயிற்று.

கல்லறைத் திருநாளுக்கு இறந்தோர் பெயரெழுதித் தரும் வழக்கம் நம்மிடம் உண்டு. அத்தாளில் பெயரோடு ஊரையும் பெற்றோரையும் உறவுமுறையையும் எழுதித் தரலாம். பூசை முடிந்ததும் அத்தாளைக் கழித்துவிடாமல் பங்கு இல்லத்தில் ஒரு படியும் ஆயர் இல்லத்தில் ஒரு படியும் வைக்கலாம். செலவு அதிகமில்லை.

தனுஷ்கோடியில் அன்று பத்து வயதாயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். அவர்களைத் தேடிச் சென்று முதலில் கேட்க வேண்டியது, "ஐயா, உங்கள் ஞானத்தாய் யார்?" என்பதுதான்.