கணப்பும் கற்பூர மரமும்

தலைகுந்தாவில் நேற்று காலை புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியது போல உறைபனி. கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன், "ஹீட்டர் இல்லாத காலத்துல இந்த ஊட்டியில எப்படி சார் இருந்தீங்க?" என்றான். "விறகு இருந்ததே" என்றேன். அந்த விறகுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

தோடர்களின் பழைய வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்து, அரைப் பீப்பாயைக் கவிழ்த்தது போல இருக்கும். ஜன்னல் கிடையாது. வாசலில் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. ஆனால் அந்தச் சின்ன வாசலால்தான் காற்று உள்ளே வராது. அடுப்புச் சூடும் ஆட்களின் உடம்புச் சூடும் வெளியே போகாது. போர்த்திக்கொள்ளக் கனமான பூத்துக்குளி. கொஞ்சம் விறகே போதும்.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். அவருக்குப் பின்னால் பங்களாக்கள் வந்தன. அறைக்கு அறை கணப்பு. எதிரே உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். பாதிக்கு மேல் சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும். அத்தனைக்கும் சோலை மரங்களை வெட்டினார்கள். சோலை மரம் வெட்டினால் லேசில் வளராது. விறகுத் தட்டுப்பாடு வந்தது. 1843-ல் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரம் இங்கே வந்து, 1856 முதல் விறகுக்கென்றே தோப்புகளாக நடப்பட்டது. சீகையும் அந்த ஊர்ச் சரக்குதான். நட்ட இடம்? பெரும்பாலும் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. சோலையைக் காப்பாற்றிய மரம் என்று சிலர் சொல்வதை என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

எங்கள் வீட்டில் கணப்பெல்லாம் இல்லை, குமுட்டி அடுப்புதான். படுக்கும் முன் அம்மா அதை வெளியே வைத்துவிடுவார். குளிரில் நாங்கள் கெஞ்சினாலும் கேட்கமாட்டார். அடைத்த அறையில் கரி அடுப்போடு தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி இன்றும் வருகிறதே, தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

போன மாதம் ஒரு மந்துக்குப் போயிருந்தேன். எல்லாம் கான்கிரீட் வீடுகள். பெரியவர் ஒருவர் ஸ்வெட்டர் மேல் பூத்துக்குளியும் போர்த்தியபடி வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார். "உள்ளே போகலாமா ஐயா?" என்றேன். "உள்ளேதான் குளிர் ஜாஸ்தி, இங்கேயே உட்காருங்க" என்றார்.