பாறையில் மோதித் திரும்பிய அலை

பூமிக்கடியில் உருவாகும் எண்ணெய், நீரைவிட அடர்த்தி குறைந்ததாகையால், நுண்துளைப் பாறைகளின் வழியே மேலேறி, ஊடுருவ முடியாத பாறை குறுக்கிடும் இடத்தில் தேங்குகிறது. இத்தகைய அமைப்பே எண்ணெய்ப் பொறி எனப்படும். பாறை அடுக்குகள் மேல்நோக்கி வளைந்த மேல்மடிப்புகளில் எரிவாயு தேங்கும் என்று அமெரிக்கப் புவியியலாளர் ஐ. சி. ஒயிட் 1885-இல் எடுத்துரைத்தார். ஆயினும் தரைமேல் தெரியும் பாறைகளின் சாய்வை அளந்தே மடிப்புகளை ஊகிக்க வேண்டியிருந்தமையால், மண்ணும் மணலும் மூடியவை தேடுவோர் கண்ணுக்குத் தப்பின.

அக்குறையைத் தீர்க்கும் வழி போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப்போரில் எதிரியின் பீரங்கி நிற்கும் இடத்தை நில அதிர்வைக் கொண்டு கணிக்க முயன்ற ஜெர்மானியர் லுட்கர் மின்ட்ரோப், போருக்குப்பின் அதே முறையைப் பாறைகளை ஆராயப் பயன்படுத்தி, 1921-இல் சைஸ்மோஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வெடிவைத்து எழுப்பிய அலை, மென்படிவுகளைவிட உப்பில் விரைந்து செல்வதால், முன்கூட்டி வந்துசேரும் அலை, எண்ணெய்ப் பொறியாக அமையக்கூடிய புதையுண்ட உப்புக் குவிமாடத்தைக் காட்டிக்கொடுத்தது. டெக்சாஸின் ஆர்ச்சர்ட் குவிமாடம் 1924-இல் இவ்வாறே கண்டறியப்பட்டது.

எனினும் இம்முறையால் மென்சாய்வுடைய மடிப்புகளைத் துல்லியமாக வரைதல் அரிதாயிற்று. போர்க்காலத்தில் பீரங்கி ஒலி ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜே. சி. கார்ச்சர், பாறை எல்லையில் மோதித் திரும்பும் அலையையே அளக்க முற்பட்டு, 1921-இல் ஓக்லஹோமாவின் வைன்ஸ் பிராஞ்ச் பகுதியில், களிப்பாறைக்கடியில் சாய்ந்து இறங்கும் வயோலா சுண்ணாம்புப்பாறையின் குறுக்குவெட்டை வரைந்தார். அலை சென்று மீளும் நேரத்தில் பாதியை அதன் வேகத்தால் பெருக்கினால் ஆழம் கிடைக்கும் என்பதே இதன் அடிப்படை. எண்ணெய் விலை சரிந்ததால் கைவிடப்பட்ட இம்முயற்சிக்கு, அமெராடா நிறுவனத்தின் எவரெட் டிகோலியர் 1925-இல் மீண்டும் உயிரூட்டினார்; 1928-இல் செமினோல் அருகே, எதிரொலிப்பு முறையால் வரையப்பட்ட அமைப்பில் தோண்டிய கிணறு எண்ணெய் தந்தது.

ஆயினும் அலை தருவது நேரமேயன்றி ஆழமன்று. ஒவ்வோர் அடுக்கிலும் அலையின் வேகத்தை ஊகித்தே நேரத்தை ஆழமாக மாற்ற வேண்டியிருப்பதால், ஊகம் பிழைத்தால் இல்லாத மடிப்பும் வரைபடத்தில் எழும். அக்காலக் கருவிகளால் பொறியின் வடிவத்தை அறிய முடிந்ததேயன்றி, அதனுள் இருப்பது எண்ணெயா, உவர்நீரா என்பதைத் துளையிட்டே அறிய வேண்டியிருந்தது.