மேசை மேல் ஒரு போர்க்களம்



சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களுக்குச் சிராங்கூன் சாலை தெரிந்திருக்கும். தேக்கா சந்தையில் தொடங்கி, வீரமாகாளியம்மன் கோயிலைக் கடந்து, சீனிவாசப் பெருமாள் கோயில் கோபுரம் தெரியும்வரை நடந்தால், பக்கத்திலேயே ஃபேரர் பார்க் வட்டாரம் வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதன் மிச்சம். 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. திடல் மட்டும் நின்றது. அந்தத் திடலில்தான் 1942 பிப்ரவரி 17-ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கைதிகளாகக் கொண்டு வந்து உட்கார வைக்கப்பட்டார்கள்.

நாற்பதாயிரம் என்று சொல்லிவிடுகிறோம். மாணவர் மனத்தில் அது எப்படிப் பதியும்? பள்ளியில் இதைப் பாடமாக எடுத்தபோது நமக்கு வந்த இடர் இதுதான். அப்போது துணைக்கு வந்தது ஒரு விளையாட்டுக் கலை. சிறு சிறு போர்வீரர் பொம்மைகளை வார்த்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் மலையும் ஆறும் சாலையும் அமைத்து, பழைய போர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் கலை. மேல்நாட்டில் இதற்குப் பெரியவர்களே சங்கம் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர்க் கடைத்தொகுதிகளிலும் இதற்கான பொம்மைப் பெட்டி, வண்ணம், தூரிகை எல்லாம் கிடைக்கின்றன. இன்றைய உரையில் இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, நம் மாணவர்கள் செய்து பார்த்ததையும் சொல்கிறோம்.

போரைப் பலகைமேல் கொண்டுவந்ததில் நம் நாடு முந்தியது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையைக் கட்டத்தில் நிறுத்தியதுதான் சதுரங்கம். திண்ணையில் கரிக்கோடு போட்டு ஆடும் ஆடுபுலி ஆட்டமும் ஒருவகைப் போர்தான். மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடுகள். சமமில்லாத இரு படைகளை மோதவிடுவதில் சதுரங்கத்தைவிட அது உண்மைக்கு நெருக்கம் என்பது நம் கருத்து. உலகில் எந்தப் போரில் இரு பக்கமும் பதினாறு பதினாறு காய்களோடு வந்தார்கள்?

ஆனால் இவற்றில் நிலம் இல்லை. மேடு இல்லை, சேறு இல்லை. நிலத்தைச் சேர்த்தவர்கள் பிரஷ்ய நாட்டவர். ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் பிரஷ்ய மன்னருக்கு ஒரு மேசை செய்து கொடுத்தார். மேடு, ஆறு, காடு ஆகியவற்றைத் தனித்தனி வில்லைகளாகச் செய்து, வேண்டியபடி மாற்றி அடுக்கலாம். அவருடைய மகன் ராணுவ அதிகாரி. அவர் 1824-இல் இதைத் திருத்தி, வரைபடத்தின்மேல் ஆடும்படி செய்தார். சுடும் குண்டு படுமா படாதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். நடுவர் ஒருவர் இருந்து இரு பக்கத்தாருக்கும் தெரிய வேண்டியதை மட்டும் தெரிவிப்பார். எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாமலேயே ஆடவேண்டும். படை அதிகாரிகளுக்கு அது பயிற்சியாயிற்று.

பின்னர் அது பொதுமக்களிடம் வந்தது. இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளே கூடான ஈயப் பொம்மைகளை வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலை இறங்கியது. இந்தியப் படைப் பிரிவுகளையும் அவர்கள் செய்தார்கள். அவற்றுள் மதராஸ் காலாட்படையும் உண்டு. ஆங்கிலேயச் சிறுவனின் தரைவிரிப்பில் நம் ஊர்ச் சிப்பாய் அணிவகுத்து நின்றான்! 1913-இல் எச். ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளர் இந்த விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு நூல் வெளியிட்டார். வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்துவது அவர் முறை. பெரிய போரைவிடச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்று வாதிட்டவர் அவர். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வந்துவிட்டது.

பொம்மைப் படை சிங்கப்பூருக்குப் புதிதன்று. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் சுதை உருவங்களுக்கிடையே காக்கிச் சீருடைச் சிப்பாயையும் நம் கொத்தனார்கள் செய்து வைத்திருக்கிறார்கள். நவராத்திரிக் கொலுவில் படிக்கட்டின் கீழே பிள்ளைகள் பூங்கா அமைப்பதும் நாம் அறிந்ததே. மணல் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்கவைத்தால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியைப் புதைத்தால் குளம். மேல்நாட்டார் கடையில் வாங்கும் பச்சைத்தூள் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு இந்த வேலை புரியத் தாமதமாகவில்லை.

இனி அளவைச் சொல்கிறோம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு. ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆவான். பொம்மையைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தவேண்டும்; இல்லையேல் அச்சிலிருந்து வந்த பிசுக்கில் வண்ணம் ஒட்டாது. பிறகு அடிப்பூச்சு. அதன்மேல் காக்கி, தோல் நிறம், துப்பாக்கிக் கட்டைக்கு மரநிறம். கடைசியாக மிக நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டால் சட்டை மடிப்பில் அது தங்கி நிழல் கொடுக்கும். வண்ணம் ஏறக்குறைய துடைக்கப்பட்ட தூரிகையால் மேடான இடங்களை மட்டும் இலேசாகத் தடவினால் வெளிச்சம் விழுந்ததுபோல் தோன்றும். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும்.

ஃபேரர் பார்க் கணக்குக்கு வருவோம். ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம் என்று வைத்தால் நாற்பதாயிரம் பேருக்கு 2,000 பொம்மை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சென்டிமீட்டர் சதுர அடித்தட்டு. அப்படியானால் எவ்வளவு இடம் வேண்டும்? மாணவர்கள் கணக்குப் போட்டார்கள்: 8,000 சதுர சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் அகலம், 100 சென்டிமீட்டர் நீளம். ஆசிரியர் மேசை நிரம்பிவிடும். ஒரு பொம்மைக்கு அரைமணி நேரம் என்றால் ஆயிரம் மணி நேரம் தீட்டவேண்டும். அத்தனையும் யாரால் ஆகும்? களிமண்ணில் விரல்நுனி அளவு உருண்டைகளாகப் பிடித்து, தலைப்பாகைக்கு ஒரு புள்ளி, தொப்பிக்கு ஒரு புள்ளி வைத்தோம். உட்கார்ந்திருப்பவர்கள்தானே, போதும். மேசை நிரம்பியதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. “சார், ஒவ்வோர் உருண்டையும் இருபது ஆளா?” என்று ஒரு பையன் மீண்டும் கேட்டான்.

அந்தத் திடலில் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார். அவர் பேச்சு ஆங்கிலத்திலும் பின் இந்துஸ்தானியிலும் மொழிபெயர்க்கப்பட்டது. அவரைத் தொடர்ந்து கேப்டன் மோகன் சிங் பேசி, இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைத்தார். பல்லாயிரவர் சேர்ந்தனர், பல்லாயிரவர் மறுத்தனர். மறுத்தவர்களில் பலர் பட்ட பாடு கொடியது. சேர்ந்தவரெல்லாம் ஒரே காரணத்தால் சேர்ந்தார்கள் என்றும் சொல்வதற்கில்லை. பொம்மைக்கு இரண்டு நிறம் பூசி இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம் என்று பிரிக்கப் பார்த்தோம். மாணவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இனி மலாயாப் போர்க்களம். ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கினர். ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர் என்று தெற்கே வந்து, 1942 பிப்ரவரி 15-இல் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவலைச் சரணடையச் செய்தனர். எழுபது நாள். சரணடைந்த காட்சியைச் செந்தோசாத் தீவின் சிலோசோ கோட்டையில் மெழுகு உருவங்களாகவே செய்து வைத்தார்கள். அங்கே மேசையைச் சுற்றித் தளபதிகள் இருக்கிறார்கள். வழிநெடுகப் போர் நடந்த ரப்பர்த் தோட்டம் எங்கே?

விளையாட்டு விதிநூல்களில் ரப்பர்த் தோட்டம் பெரும்பாலும் ‘காடு’ என்ற தலைப்பில் அடங்கிவிடும். நம் மாணவர்களும் பஞ்சைப் பச்சையில் தோய்த்து, குச்சியில் செருகி, மணல் தட்டில் தாறுமாறாக நட்டுவைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று நம் பக்கத்தில் பெரும்பாலும் செம்பனைதான். ரப்பர் நிரையை அவர்கள் கண்டதில்லை. ஒரு மாணவியின் பாட்டி, முப்பது ஆண்டு பால்வெட்டியவர், பேத்தியை அழைத்துப்போக வந்தவர், தட்டைப் பார்த்துவிட்டு, “வாத்தியாரையா, இது என்ன மரம்? கித்தா மரம் நிரை பிடிச்சில்ல நிக்கும்!” என்றார். அவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடுங்கி, நூல் கட்டி நடவைத்தார். வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து இறங்கவேண்டும், அதன் கீழே மங்கு தொங்கவேண்டும் என்று ஒவ்வொரு மரத்துக்கும் கோடு போடச் சொன்னார். கம்பிவளையத்தில் ஜவ்வரிசியை ஒட்டி மங்கு செய்தார்கள் பிள்ளைகள்.

நட்டு முடித்துக் குனிந்து பார்த்தபோது நாமும் ஒன்று கற்றோம். நிரைக்குக் குறுக்கே பார்த்தால் அடிமரங்கள் சுவர்போல் மறைக்கின்றன. நிரையின் வழியே பார்த்தால் நேர்ச்சாலை போலத் திறந்து கிடக்கிறது. அந்தக் கோடியில் ஓர் இயந்திரத் துப்பாக்கியை வைத்தால் நிரைக்குள் வரும் எவனும் தப்பமுடியாது. இரண்டடி நகர்ந்தால் எல்லாம் மறைந்துவிடுகிறது. காட்டில் இப்படி இல்லை. பால்வெட்டியவருக்குத் தெரிந்த இந்தச் செய்தி விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது லயம். கட்டடத்துக்குள் இருக்கும் வீரனுக்குக் குண்டு படும் வாய்ப்பு குறைவு என்பது பொது விதி. தீக்குச்சிப் பெட்டியால் லயம் செய்து வைத்தபோது பாட்டி சிரித்தார். பலகைச் சுவர், தகரக் கூரை. மழைச் சாரலையே அது தடுக்காது, துப்பாக்கிக் குண்டையா தடுக்கும்? விதியை அந்த இடத்தில் அடித்துத் திருத்தினோம். அதற்குள் குடியிருந்தவர்களுக்கு விதியே இல்லை. அவர்கள் எந்தப் படையிலும் இல்லாதவர்கள்; பொம்மைப் பெட்டியில் அவர்களுக்கு அச்சு கிடையாது. ஆனால் அதே லயங்களிலிருந்துதான் பின்னர் பல்லாயிரக்கணக்கானவர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதே லயங்களிலிருந்துதான் 1943-க்குப் பிறகு இளைஞரும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனார்கள்.

நேதாஜி 1943 ஜூலை 2-இல் சிங்கப்பூர் வந்தார். 5-ஆம் நாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அம்மாதம் 12-ஆம் நாள் பெண்கள் கூட்டத்துக்கு வந்தபோது, மதராஸிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் லட்சுமி, சுமார் இருபது பெண்களைத் திரட்டி அணிவகுப்பு மரியாதை கொடுக்கச் செய்தார். அவர்களுக்கு அப்போது சீருடை கிடையாது. வெள்ளைச் சேலை, கையில் .303 துப்பாக்கி. அக்டோபர் 22-இல் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. காக்கி உடை அதற்குப் பின் வந்தது. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள்.

இங்கே வண்ணம் தீட்டுவோருக்கு ஒரு கண்டிப்பு வேண்டும். ஜூலை 12 காட்சிக்குக் காக்கி பூசினால் தவறு. நம் மாணவியர் மெழுகில் முந்தானை இழுத்து, பாதி உருவங்களை வெள்ளையாக்கினார்கள். வெள்ளைதான் கடினமான நிறம். நேரே பூசினால் சுண்ணாம்பு அடித்ததுபோல் தட்டையாகத் தெரியும். முதலில் இலேசான சாம்பல் பூசி, மடிப்பை விட்டுவிட்டு மேலே மட்டும் வெள்ளை தரவேண்டும். மூன்று வாரம் பிடித்தது.

கடைசியாகக் கடலோர எஸ்பிளனேட் பகுதியைச் செய்தோம். அங்கே 1945 ஜூலை 8-இல் இந்திய தேசிய ராணுவத்தில் மாண்டவர்களுக்காக ஒரு நினைவுத்தூணுக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள்படும் சொற்களைப் பொறித்து அதைக் கட்டினார்கள். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தனர். அந்த இடத்தைக் குறிக்கும் பலகை 1995-இல்தான் வைக்கப்பட்டது. தூணை வைப்பதா வேண்டாமா என்று வகுப்பில் விவாதம் எழுந்தது. தச்சு வேலை தெரிந்த தந்தையின் மகன் ஒருவன், தட்டில் துளை போட்டு, தூணின் அடியில் ஓர் ஆணியை வைத்தான். “ஆகஸ்டுக்குச் செருகலாம் சார், அக்டோபருக்கு எடுத்துடலாம்” என்றான். துளையை மூடும் பலகை ஒன்றும் சின்னதாகச் செய்து, அதில் 1995 என்று எழுதி வைத்திருக்கிறான்.