வெள்ளைப் பாஸ்பரஸ் வராத ஊர்

பல்வலியில்தான் தொடங்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். பிடுங்கிய குழி ஆறாது. சீழ் வைக்கும், கன்னம் வீங்கும், பக்கத்தில் ஆள் உட்கார முடியாத அளவுக்கு நாற்றம் எடுக்கும். பிறகு தாடை எலும்பே செத்துத் துண்டு துண்டாக வெளியே வரும். தாடையை அறுத்து எடுத்தால் உயிர் பிழைக்கலாம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீக்குச்சி செய்து பிழைத்தவர்களுக்கு வந்த நோய் இது. வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845இல் இதை விவரித்து எழுதினார். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும் அந்தக் காலத் தீக்குச்சியின் தலையில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. நாள் முழுக்க அதன் ஆவியைச் சுவாசித்ததன் பலன் இது.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ வேலைக்குப் போன குடும்பங்கள் உண்டு. வெந்துபோன கைகள் உண்டு, கந்தகத்தில் எரிந்த கண்கள் உண்டு. தாடை அழுகும் அந்த நோய்க்கு மட்டும் இங்கே வழியில்லாமல் போனது. அதற்குக் காரணம் இரண்டு ஆண்டுகளின் வரிசை. வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியா சட்டம் போட்டுத் தடுத்தது 1913இல். சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது 1923இல்.

அந்தச் சட்டத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கு நன்கு தெரிந்த ஒருவரும் வருகிறார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராகவும் ஹோம் ரூல் இயக்கத்தை நடத்தியவராகவும் நாம் அறிந்த அன்னி பெசன்ட், அதற்கு வெகுகாலம் முன்பே லண்டனில் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்காகப் பேனா பிடித்தவர். 1888 ஜூனில், பிரயன்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்களின் கூலியையும், தொட்டதற்கெல்லாம் போடப்பட்ட அபராதத்தையும் பற்றி ‘தி லிங்க்’ இதழில் எழுதினார். அடுத்த மாதம் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களை முதலில் கொதிக்க வைத்தது நோயல்ல, அபராதம்தான். ஆனாலும் பேச்சுவார்த்தையில் அவர்கள் கேட்டுப் பெற்றவற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது: சாப்பிடுவதற்குத் தனி இடம். அதுவரை வேலைமேசையிலேயே, பாஸ்பரஸ் படிந்த கையோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

நிர்வாகம் அதோடு திருந்திவிடவில்லை. தாடை நோய்க்காரர்களை அரசுக்குத் தெரியாமல் மறைத்தது வெளியே வந்து, பத்து ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் அபராதம் கட்டியது. தொகை முப்பது பவுண்டுகூட இல்லை!

இத்தனைக்கும் மாற்று கையிலேயே இருந்தது. அதே வியன்னாவில், அதே 1840களில், ஷ்ரோட்டர் என்ற வேதியியலாளர் சிவப்புப் பாஸ்பரஸைக் கண்டுபிடித்திருந்தார். அதைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசி, குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டை வைத்து ஸ்வீடன்காரர்கள் ‘சேஃப்டி மேட்ச்’ செய்துவிட்டார்கள். எங்கே உரசினாலும் எரியும் குச்சிதான் வேண்டும் என்றவர்களுக்காக, 1898இல் பிரான்ஸின் அரசு தீப்பெட்டித் துறை வேறொரு பாஸ்பரஸ் சேர்மத்தையும் கொண்டுவந்தது. விஞ்ஞானம் தன் வேலையை முடித்துவிட்டது. பாக்கி இருந்தது சந்தைக் கணக்கு. ஒரு நாடு மட்டும் தடை போட்டால், பக்கத்து நாட்டின் மலிவுச் சரக்கு உள்ளே வந்துவிடும். ஆகவே எல்லாரும் சேர்ந்தே விடவேண்டும் என்று 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் உடன்படிக்கை போட்டன. அது நடைமுறைக்கு வர 1912 ஆனது. அமெரிக்காவில் டயமண்ட் மேட்ச் நிறுவனம் மாற்றுப் பொருளுக்கான தன் காப்புரிமையை 1911இல் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தது. பொதுச் சுகாதாரத்தில் விஞ்ஞானமும் சட்டமும் வியாபாரமும் இப்படி ஒரே வரிசையில் நிற்பது அபூர்வம்.

இனி சிவகாசி. மழை பொய்க்கும் பூமி, விவசாயத்தை நம்பி உட்கார முடியாத ஊர். பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்த நேரத்தில் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி உயர்ந்திருந்தது. ஸ்வீடன், ஜப்பான் சரக்கோடு போட்டி போட ஒரு வழி திறந்தது. ஜெர்மனி இயந்திரங்களோடு தொடங்கியவர்கள், கைவேலைதான் இந்த ஊருக்குக் கட்டுப்படியாகும் என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைகளுக்கு வந்தன. வெள்ளைப் பாஸ்பரஸ் மட்டும் அப்படி அந்தத் திண்ணைகளுக்கு வந்திருந்தால், கைக்குழந்தையும் அடுப்பும் இருக்கும் வீட்டுக்குள் அது என்ன செய்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

சேஃப்டி மேட்சின் சூட்சுமம், சேரக்கூடாத இரண்டைப் பிரித்து வைப்பதுதான். குளோரேட் குச்சியில், சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியில். (சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பொட்டு வெடியை ஒருமுறை தட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.) தீப்பெட்டியிலிருந்து மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் தொழில் நகர்ந்தபோது, பிரித்து வைத்திருந்ததைச் சேர்ப்பதே வேலையாயிற்று. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற ஆலைகள் எழுந்தன. இங்கே உடலைக் கெடுக்க ஆண்டுக்கணக்கு வேண்டாம், ஒரு நொடி போதும். முந்தின நாள் மிஞ்சி நீர்த்துப்போன மருந்து, ஓர் உராய்வு, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதலாக உட்கார்ந்த ஆட்கள்: விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் இவைதான். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம்.

சட்டம் இந்த ஊரை மறுபடி உற்றுப் பார்த்தது குழந்தைகளை முன்னிட்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், தொழிலாளர்களுக்கு 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முதலில் சொன்னது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றது. சிவகாசியின் பெயரால் தொடங்கிய வழக்கு நாடு முழுவதற்குமான உத்தரவாக முடிந்தது.

அடுத்த வழக்கில் குழந்தைகளே மனுதாரர்கள், ஆனால் சிவகாசிக் குழந்தைகள் அல்ல. 2015இல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகள் சார்பில், பட்டாசுப் புகையிலிருந்து தங்கள் நுரையீரலுக்குப் பாதுகாப்பு கேட்டு மனு போடப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடுத்தது. பச்சை நிறம் கொடுக்கும் பேரியம் நைட்ரேட்டை, ஊர்ப்பேச்சில் ‘பச்சை உப்பை’, தடுத்தது. மாசு குறைந்த ‘பசுமைப் பட்டாசு’க்கு மட்டும் அனுமதி என்றது. நாக்பூர் நீரி ஆய்வு நிறுவனம் அதற்கான கலவையை அப்போதுதான் உருவாக்கிக்கொண்டிருந்தது. பெர்னில் மாற்று முதலில் வந்தது, தடை பின்னால் வந்தது. இங்கே வரிசை தலைகீழ். அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் கதவடைத்தன. பண்டிகை முடிந்து அடுத்த ஆண்டு வேலை தொடங்க வேண்டிய நேரத்தில் கூலி நின்றுபோனது.

பிறகு கொரோனா. நுரையீரலைத் தாக்கும் கிருமி சுற்றும்போது புகை கூடாது என்பதில் மருத்துவ நியாயம் இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் 2020 நவம்பர் 14 தீபாவளிக்கு, ராஜஸ்தானும் ஒடிசாவும் பட்டாசைத் தடுத்தது அந்த மாதத் தொடக்கத்தில்தான். அப்போதைய தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி தடையை மறுபரிசீலனை செய்யக் கேட்டு இரு மாநில முதல்வர்களுக்கும் கடிதம் எழுதினார். டெல்லி வட்டாரத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தடை வந்தது நவம்பர் 9 அன்று. வெள்ளைப் பாஸ்பரஸை விட்டொழிக்க உலகம் எடுத்துக்கொண்ட அவகாசம் ஆறு ஆண்டு. சிவகாசிக்குக் கிடைத்தது ஐந்து நாள்.

அன்றைய தடை தீக்குச்சி செய்தவளின் தாடையைப் பார்த்து எழுதப்பட்டது. இன்றைய தடைகள் பட்டாசு வெடிக்கும் நகரத்தின் காற்றைப் பார்த்து எழுதப்படுகின்றன. இரண்டுமே உடல்நலம்தான், ஆனால் யாருடைய உடல் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. மேம்படுத்திய கலவையில் பேரியத்தையும் சரவெடியையும் அனுமதிக்கக் கேட்ட உற்பத்தியாளர்களின் மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்த மாதம், அக்டோபர் 17 அன்று, சிவகாசி அருகே ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் வெடிவிபத்து. இறந்தவர்கள் பத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.