231 ஓட்டு வாங்கின போல் ரிஷார்

ஓட்டு எண்ற அன்னிக்கு டிவியில கடைசி வரிசையில சில பேர்கள் ஓடும், கவனிச்சிருக்கீங்களா? நூத்துச் சொச்சம், எரநூத்துச் சொச்சம்னு. எனக்கு என்னவோ ஜெயிச்சவரை விட அவங்களைத்தான் பார்க்கத் தோணும். புதுச்சேரியில் 1914ல் அப்படி ஒருத்தர் நின்றார். பெயர் போல் ரிஷார். நாலு பேர் போட்டியில் நாலாவது இடம். 231 ஓட்டு.

இன்றைய சட்டசபை 1963ல்தான் வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில், பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு ஒரே ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். 'தெப்புத்தே' என்று பெயர். தொகுதியைக் கேட்டால் தலை சுத்தும். பாண்டிச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில் மாஹே, கோதாவரிப் பக்கம் ஏனாம், கல்கத்தா பக்கத்தில் சந்திரநாகூர். அஞ்சும் சேர்ந்து ஒரே தொகுதி!

ரிஷார் பாரீஸில் வக்கீல். அதுக்கு முன்னாடி புராட்டஸ்டன்ட் பாதிரியாராக இருந்தவர். 1910 தேர்தல் சமயத்தில் ஒருமுறை இங்கே வந்துபோனார், அப்போதுதான் அரவிந்தரோடு பழக்கம். 1914ல் தானே நிற்பது என்று மனைவி மிராவோடு கப்பல் ஏறிவிட்டார். கொழும்பில் இறங்கி, தனுஷ்கோடி வழியாக ரயில். (பாம்பன் பாலம் திறந்து அப்போ ஒரு மாசம்தான்.) மார்ச் 29 அன்று புதுச்சேரி வந்து சேர்ந்தார்கள். ஓட்டுப்பதிவு ஏப்ரல் 26. நாலே வாரம். அதுக்குள்ள மாஹே எங்கே, சந்திரநாகூர் எங்கே, எப்படிச் சுத்தி வர்றது?

எதிரே நின்றவர் போல் புளூய்சென். 1910லிருந்து தெப்புத்தேவாக இருப்பவர். அவர் பின்னால் நகர மேயர் கெப்ளே. பிரெஞ்சு முறையில் வாக்குச் சாவடிக்குத் தலைமை தாங்குவதே மேயரும் கவுன்சிலர்களும்தான். அதாவது ஒரு கட்சிக்காரரே ஓட்டுப் பெட்டிக்கும் காவல்! போதாததுக்கு லெமேர், லாபோர்த் என்று இன்னும் ரெண்டு பேர்.

ரிஷாருக்கு யார் இருந்தார்கள்? அரவிந்தர் இருந்தார். ஆனால் அவர் பிரிட்டிஷ் பிரஜை, இங்கே ஓட்டு கிடையாது. பாரதி, வ.வே.சு. ஐயர் என்று அன்றைக்கு இங்கே தஞ்சம் புகுந்திருந்த சுதேசிகள் எல்லாருக்கும் அதே நிலைமைதான். இவர்களைப் பிடித்துக் கொடு என்று பிரிட்டிஷ்காரன் பிரெஞ்சு சர்க்காரை நெருக்கிக்கொண்டிருந்த நேரம். பாரீஸில் நம்ம பக்கம் பேச ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு தெம்பு, யோசிச்சுப் பாருங்க. ரிஷார் ஜெயித்தால் தானே தெப்புத்தே ஆன மாதிரி என்ற அளவுக்கு அரவிந்தர் எழுதினார். சந்திரநாகூரில் ஓட்டுச் சேர்க்கச் சொல்லி மோதிலால் ராய்க்குக் கடிதம் போட்டார். 1910ல் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய அதே மோதிலால் ராய்.

இப்போ எண்ணிக்கைக்கு வருவோம். புளூய்சென் 33,154. லெமேர் 5,624. லாபோர்த் 368. ரிஷார் 231. மொத்தம் 39,377. நம்ம காலத்து ஆறில் ஒரு பங்கு கணக்கைப் போட்டால், ரெண்டாவது வந்த லெமேருக்கே டெபாசிட் போச்சு! ரிஷாருக்கு நூத்துக்கு ஒண்ணு கூடத் தேறவில்லை.

இந்த 231 நிஜமாகவே ரிஷாருக்கு விழுந்த ஓட்டா? மே மாசம் மோதிலால் ராய்க்கு அரவிந்தர் எழுதிய கடிதம் வேற கதை சொல்லுது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் சீட்டில் ரிஷார் என்று இருந்ததை புளூய்சென் என்று வாசித்தே முடித்துவிட்டார்களாம். காரைக்காலில் ரிஷாரே நேரில் ஆட்களைக் கூட்டிப்போய் ஓட்டுப் போட வைத்த இடத்தில் முடிவு வந்தபோது அவருக்கு சைபர். வில்லியனூரில் ஜனங்களை மிரட்டி ஓட்டே போடவிடவில்லையாம். சீட்டைப் பிரித்து உரக்க வாசிக்கும் முறையில் இது ரொம்ப சுலபம். ரெண்டு பேருமே 'போல்'. ஒருத்தர் போல இன்னொருத்தர் :-) முதல் பேரை ஒழுங்கா வாசிச்சுட்டு, அடுத்ததை இஷ்டத்துக்கு முடிச்சுக்கலாமே.

எழுதியவர் தோற்ற பக்கத்து ஆள் என்பதையும் சொல்லிவிடணும். தோத்தவங்க எல்லா ஊர்லயும் இதைத்தான் சொல்வாங்க. ஆனாலும் நூற்றுக்கு 84 பேர் ஒரே ஆளுக்குக் குத்தினார்கள் என்ற கணக்கும், தான் கூட்டிப்போன ஆட்களின் ஓட்டு சைபரானதும் சேரும்போது எனக்கு நம்பிக்கை கடிதத்தின் பக்கம்தான் சாயுது. சாவடிக்குள் கெப்ளே கட்சி உட்கார்ந்திருக்க, ரிஷாரின் உண்மையான ஓட்டு எவ்வளவு என்று இனி யாராலும் எண்ண முடியாது. ஜெயிக்கிற அளவுக்கு இருந்திருக்காது என்பது என் கணிப்பு. ஆனால் 231ஆவது இல்லை.

தோற்றவர் உடனே ஊரைப் பார்க்கப் போகவில்லை. அரவிந்தரோடு சேர்ந்து ரிஷாரும் மிராவும் 'ஆர்யா' பத்திரிகையை ஆரம்பித்தார்கள். முதல் இதழ் 1914 ஆகஸ்ட் 15. அதுக்குள்ள ஐரோப்பாவில் யுத்தம் வந்துவிட்டது. 1915 பிப்ரவரியில் ரெண்டு பேரும் கிளம்ப வேண்டியதாயிற்று. மிரா 1920 ஏப்ரல் 24 அன்று திரும்பி வந்தார், அதன்பிறகு போகவே இல்லை. பாண்டிச்சேரிக்காரங்களுக்கு அவர் யாருன்னு இன்னேரம் தெரிஞ்சிருக்கும். ஆசிரமத்து அன்னை, பின்னாளில் ஆரோவில் கண்டவர்.

1914ல் ரிஷார் மட்டும் ஜெயித்திருந்தால் நாடாளுமன்றக் கூட்டத்துக்கு ரெண்டு பேரும் அடுத்த கப்பலிலேயே பாரீஸ் போயிருக்கணும். கெப்ளே ஆட்களுக்கு அது தெரிய நியாயமில்லை.